எந்தக் கதவைத் தட்டுவது? யாழ்ப்பாணத்துக்குப் புதிதாக வருவோருக்கு ஓர் அதிகார வழிகாட்டி

எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. ஒரு கார்த்திகை மழையோடு அதன் ஒரு பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. சைக்கிளில் வருபவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டோக்காரர்கள் உள்ளே வர மறுத்தார்கள். நான் உள்ளூராட்சிச் சபைக்குப் போனேன். முன்மேசையில் இருந்தவர் நான் கடதாசியில் கீறிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, "ஒழுங்கை எங்களுடையதுதான் ஐயா, மதகு வீதியோடு சேர்ந்தது" என்றார். வீதிக்குப் பொறுப்பான அலுவலகத்தில், "வீதி எங்களுடையது, மதகு ஒழுங்கைக்காகப் போட்டது" என்றார்கள். மூன்றாவதாகப் பிரதேச செயலகம். அங்கே கடிதத்தை வாங்கி முத்திரை குத்திப் பிரதியைத் திருப்பித் தந்தார்கள். இனி இதை யாருக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "சபைக்கு" என்றார்கள்.

வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்துவிட்டு அப்பாவின் வளவுக்குத் திரும்புபவர்கள், கொழும்பிலிருந்து மாற்றலாகி வருபவர்கள், திருமணமாகி இங்கே குடிவருபவர்கள் எல்லோரும் முதல் வருடத்தில் இப்படி ஒரு மதகில் கால் வைக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். அலுவலகங்களின் பட்டியலை எவரும் தரலாம். எந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் பட்டியலில் இல்லாத பிரச்சினைக்கும் கதவைக் கண்டுபிடிக்க முடியும்.

படி 1: அதிகாரம் எங்கே ஊறுகிறது என்று பாருங்கள்

1978 அரசியலமைப்பின் 2 ஆம் உறுப்புரை இலங்கையை ஒற்றையாட்சி அரசு என்கிறது. 76 ஆம் உறுப்புரை, பாராளுமன்றம் தன் சட்டமியற்றும் அதிகாரத்தைக் கைவிடவோ பிறருக்கு உரித்தாக்கவோ கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் எங்கள் ஊர் மொழியில் இப்படி வரும்: கிணறு ஒன்றுதான். வாய்க்கால் எத்தனையும் வெட்டலாம், எந்த வாய்க்காலையும் கிணற்றுக்காரர் அடைக்கலாம்.

இது இலங்கையின் தனிக்குணம் என்று நினைக்க வேண்டாம். பிரித்தானியாவும் ஒற்றையாட்சிதான். இலண்டன் பெருநகர சபையை 1986 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தால் இல்லாமற் செய்தது. வட அயர்லாந்தின் பாராளுமன்றத்தை 1972 இல் இடைநிறுத்தியது. ஸ்கொட்லாந்துக்கு 1999 முதல் சொந்தப் பாராளுமன்றம் உண்டு, வைத்தியசாலையும் பள்ளிக்கூடமும் அதன் கையில். ஆனால் அதை உருவாக்கிய சட்டமே, ஸ்கொட்லாந்துக்காகச் சட்டம் இயற்ற இலண்டனுக்குள்ள அதிகாரம் குறையவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. பிரான்சு இன்னொரு வகை. ஊருக்கு ஊர் மேயர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அருகில் பாரிஸ் அனுப்பிய மாவட்ட அதிபரும் இருக்கிறார். 1982 வரை அந்த அதிபரின் மேற்பார்வை இறுக்கமாக இருந்தது, பிறகு தளர்ந்தது. ஆகவே ஒற்றையாட்சி என்றால் எல்லாம் தலைநகரில் நடக்கும் என்று பொருளில்லை. கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. சமஷ்டியில் மத்தி, அதாவது மத்திய அரசு, தனியாக அதைச் செய்ய முடியாது.

படி 2: அனுப்பப்பட்டவரா, தெரிவு செய்யப்பட்டவரா?

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிரதேச செயலகமும் இருக்கிறது, பிரதேச சபையும் இருக்கிறது. பெயர் ஒரே மாதிரி. சில இடங்களில் இரண்டும் ஒரே வீதியில். ஆனால் இவை வேறு வேறு வாய்க்கால்கள்.

செயலகம் மத்தியின் கை. மேலே கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். அங்கே இருப்பவர் மாவட்டச் செயலாளர். பழைய ஆட்கள் இன்னும் 'ஜீ.ஏ.' என்பார்கள், அரசாங்க அதிபர் என்ற பிரித்தானியர் காலத்துப் பெயரின் மிச்சம். அந்தக் காலத்தில் அது சிறிய பதவி அல்ல. டைக் என்ற ஆங்கிலேயர் 1829 முதல் 1867 வரை வடக்கை இங்கிருந்து ஆண்டார், கிட்டத்தட்டக் குறுநில மன்னரைப் போல. கச்சேரிக்குக் கீழே பிரதேச செயலகங்கள், யாழ். மாவட்டத்தில் 15. அவற்றின் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். கிராம அலுவலரை உங்கள் அயலவர் 'விதானையார்' என்று சொன்னால் திகைக்காதீர்கள். விதானை முறை 1960களிலேயே ஒழிந்துவிட்டது, சொல் மட்டும் ஓய்வு பெறவில்லை. இந்த வரிசையில் இருக்கும் எவருக்கும் நீங்கள் வாக்களிப்பதில்லை. எல்லோரும் நியமனக் கடிதத்தோடு வந்தவர்கள்.

சபை வேறு. மாவட்டத்தில் 17 உள்ளூராட்சிச் சபைகள் உண்டு: யாழ். மாநகர சபை, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். மாநகரத்துக்கு முதல்வர், மற்றவற்றுக்குத் தவிசாளர். உறுப்பினர்களை நீங்கள்தான் தெரிவு செய்கிறீர்கள், கடைசியாக 2025 மே 6 இல். அதற்கு முந்தைய சபைகள் 2018 இல் தெரிவாகி 2023 மார்ச்சில் காலம் முடிந்தன. தேர்தல் தள்ளிப்போக, இரண்டு வருடத்துக்கு மேல் ஆணையாளரும் செயலாளர்களுமே சபைகளை நடத்தினார்கள். குப்பை வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. 'எங்கள் வட்டாரத்துக்கு வண்டி வருவதில்லை' என்று கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. நல்லூர்க் கந்தசாமி கோவில் முன் வீதியில் நின்று பாருங்கள். நிற்பது நல்லூர்ப் பிரதேச செயலர் பிரிவில். ஆனால் நல்லூர்ப் பிரதேச சபையின் எல்லை அங்கே இல்லை, அது மாநகர சபைக்குரிய நிலம். திருவிழாக் காலத்தில் வீதித் தடை, தண்ணீர், குப்பை பற்றி மாநகர சபையோடுதான் பேச வேண்டும். அதே இடத்தில் குடியிருக்கிறேன் என்ற சான்றிதழுக்கு மேலொப்பம் வேண்டுமென்றால் நல்லூர்ப் பிரதேச செயலகம். ஆகவே வீடு எடுத்ததும் இரண்டு விஷயங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்: கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும், சபையின் பெயரும் வட்டாரமும்.

அடையாள அட்டை, வதிவிடச் சான்று, வாக்காளர் இடாப்பில் பெயர், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, பிறப்பு இறப்புச் சான்றிதழ்ப் பிரதி: இவை செயலக வாய்க்கால். ஆதன வரி, குப்பை, தெருவிளக்கு, சந்தை, சுடலை, நூலகம், கட்டட அனுமதி, கடைக்கு வியாபார உரிமம்: இவை சபை வாய்க்கால். தெருவிளக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. குமிழ் சபையுடையது, அது தொங்கும் கம்பம் மின்சாரக்காரருடையது. கம்பம் சாய்ந்தால் சபைக்குப் போய்ப் பயனில்லை.

படி 3: நடுவில் இருக்கும் மாகாணத்தை மறவாதீர்கள்

1987 ஜூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதே வருடம் நவம்பரில் 13 ஆம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. திருத்தம் ஒற்றையாட்சியை மீறுகிறதா என்று 9 நீதியரசர்கள் ஆராய்ந்தபோது கருத்து 5க்கு 4 என்று பிரிந்தது. மாகாண சபைகள் பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டவையே, ஆகவே மீறவில்லை என்பதே பெரும்பான்மையின் வாதம். அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று ஒரு பக்கம் மகிழ, உண்மையில் கொடுக்கப்படவில்லை என்ற காரணத்தால்தான் அது சட்டமானது. இந்த முரணை மனதில் வைத்திருந்தால் பிறகு வரும் பல செய்திகள் விளங்கும்.

திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில் மூன்று நிரல்கள்: மாகாணத்துக்கு ஒன்று, மத்திக்கு ஒதுக்கியது ஒன்று, இருவருக்கும் பொதுவானது ஒன்று. பொது நிரலில் மாகாணச் சட்டமும் பாராளுமன்றச் சட்டமும் மோதினால் பாராளுமன்றத்துடையதே நிற்கும். மாகாண நிரலில் உள்ள விடயத்தில் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டுமென்றால், முதலில் எல்லா மாகாண சபைகளிடமும் கருத்துக் கேட்க வேண்டும். ஒரு சபை மறுத்தாலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் நிறைவேற்றலாம். 2012 இல் வாழ்வின் எழுச்சிச் சட்டமூலம் வந்தபோது வடக்கில் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் சபைக்குப் பதிலாக இணக்கம் சொன்னார். ஆளுநரின் இணக்கம் சபையின் இணக்கம் ஆகாது என்றது உயர் நீதிமன்றம். 2013 ஜனவரியில் அது மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறியது.

வடக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது ஒரே ஒரு தடவை, 2013 செப்ரெம்பர் 21 இல். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புப் பெற்றது, க. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதன் பின் இதை எழுதும் வரை தேர்தல் இல்லை. கைதடியில் கட்டடம் இருக்கிறது, அமைச்சுகளின் செயலாளர்கள் இருக்கிறார்கள், திணைக்களங்கள் வேலை செய்கின்றன. ஜனாதிபதி நியமித்த ஆளுநர் நடத்துகிறார். ஆகவே உங்கள் பிரச்சினை மாகாணத்துக்குரியதாக இருந்தால், இப்போதைக்கு உறுப்பினரைத் தேடாதீர்கள். திணைக்களப் பணிப்பாளர், அமைச்சின் செயலாளர், ஆளுநர் அலுவலகம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

படி 4: பொருளைப் பிரித்துப் பாருங்கள்

ஒரே பொருளை மூன்று பேர் பங்கு போட்டிருப்பார்கள். பஸ்ஸை எடுங்கள். சிவப்பு நிற இ.போ.ச. (இலங்கை போக்குவரத்துச் சபை) பஸ் மத்தியுடையது. பருத்தித்துறைக்கு ஓடும் 750 தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதி மாகாணப் போக்குவரத்து அதிகார சபையுடையது. இரவில் கொழும்புக்குப் போகும் சொகுசு பஸ் மாகாண எல்லை தாண்டுவதால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுடையது. நடத்துநர் மீதிக் காசு தரவில்லை என்று முறையிடும் முன் எந்த பஸ்ஸில் ஏறினீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளும் அப்படியே. ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் மத்தியின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தருவது. வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரம் மாகாணத்தின் வருமானம், ஆனால் அதைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். மத்தியின் கட்டடத்துக்குள் மாகாணத்தின் மேசை! வெளியே தொங்கும் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் பொறுப்பாளரை முடிவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். கையில் தரும் கடதாசியின் தலைப்பைப் பாருங்கள்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடம்: யாழ். இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் உயர்தரப் பாடசாலை போன்ற தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ். பெரும்பாலான மற்றவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ், வலயக் கல்வி அலுவலகம் ஊடாக. பாடத்திட்டமும் பரீட்சையும் எல்லோருக்கும் மத்தியே. வைத்தியசாலையில் யாழ். போதனா வைத்தியசாலை மத்தியுடையது, ஊர்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்துடையவை.

வீதியில்தான் என் மதகு கிடக்கிறது. ஏ, பி வகை வீதிகள், ஏ9 உட்பட, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சம் உள்ள ஒழுங்கைகள் சபைக்கு. பெயர்களும் காதில் ஒன்று போலத்தான் விழும்: 'அதிகார சபை' என்றால் மத்தி, 'திணைக்களம்' என்றால் மாகாணம். வீதி விடயத்தில் மட்டும் இந்தச் சூத்திரம் சரிவரும், வேறெங்கும் பாவிக்காதீர்கள்.

படி 5: வீடு கட்டுகிறீர்களா?

சபையில் தொடங்குங்கள். காணி வாங்கிப் பதிந்ததும் ஆதன வரிப் பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து இறந்துபோனவர் பெயரில் வரி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு.

அடுத்து உறுதிப் பிரதி, நில அளவை வரைபடம், தகுதியானவர் வரைந்த கட்டட வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பம். வளவு பெரிய வீதியைப் பார்த்து இருந்தால், மதில் எங்கே நிற்கலாம் என்று வீதிக்காரரிடமும் கேட்க வேண்டிவரும். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்து பார்ப்பார்கள். அவர்கள் கண் முதலில் போவது மலக்குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள இடைவெளிக்கு. உங்கள் கிணறு மட்டுமல்ல, வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவர் கிணறும் கணக்கில் வரும். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் குடாநாட்டில் நிலத்துக்குள் விட்டது நிலத்துக்குள்ளேயே நடந்து போகும், ஆகவே இந்த ஒரு விதியில் நான் சபைக்காரரின் பக்கம். நகர அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களில் அதே சபை, மத்தியின் நகர அபிவிருத்தி அதிகார சபை ஒப்படைத்த அதிகாரத்தைப் பாவிக்கிறது. முன்மேசை ஒன்றுதான், பின்னால் உள்ள சட்டம் வேறு. கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள்.

படி 6: காணி, பொலிஸ்

13 ஆம் திருத்தத்தில் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் இரண்டும் மத்தியிடம். அரச காணி மீதான அதிகாரம் மத்தியுடையதே என்று உயர் நீதிமன்றம் 2013 செப்ரெம்பர் 26 இல் தீர்ப்பளித்தது, வடக்கில் தேர்தல் நடந்து ஐந்தாம் நாள். ஆகவே அனுமதிப்பத்திரக் காணி என்றால் பிரதேச செயலகம். உறுதிக் காணி என்றால் நொத்தாரிசும் காணிப் பதிவகமும். யாழ்ப்பாணத்தவரின் காணிக்கு ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டமும் உண்டு. பங்காளி இருக்கும் காணியை வாங்கும் முன் அதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பொலிஸைப் பற்றி ஒரு சம்பவமே போதும். 2021 ஏப்ரலில் யாழ். மாநகர சபை, வீதியில் குப்பை போடுவோரையும் துப்புவோரையும் கண்காணிக்க ஐந்து பேர் கொண்ட அணி ஒன்றைச் சீருடையோடு இறக்கியது. சீருடையின் நிறம் பழைய தமிழீழக் காவல்துறையின் நிறத்தை ஒத்தது என்று சொல்லிப் பொலிஸார் அதைக் கைப்பற்றினார்கள். முதல்வரே கைதாகிப் பிணையில் வந்தார். குப்பைக்குத் தண்டம் அறவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. அதற்கு ஒரு சட்டை தைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதை அன்று நகரமே பார்த்தது.

படி 7: காசு எங்கிருந்து வருகிறது?

கேட்டால் சங்கடமான கேள்வி, ஆனால் கேட்டால்தான் காத்திருக்கும் காலம் தெரியும். மாகாணம் பெரும்பாலும் மத்தியின் கொடையில் வாழ்கிறது. நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்ய, திறைசேரி விடுவிக்க வேண்டும். சபைக்கு ஆதன வரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம் உண்டு. காணி கைமாறும்போது கட்டும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகச் சபைக்கு வந்து சேரும். ஊழியர் சம்பளத்துக்கு மேலிருந்து உதவி வராவிட்டால் பல பிரதேச சபைகள் தள்ளாடும். சபையின் வரவுசெலவுத் திட்டம் வருட முடிவில் நிறைவேறும். ஆகவே மதகோ வாய்க்காலோ வேண்டுமென்றால் மழை வந்த பிறகு போகாதீர்கள். ஆவணி, புரட்டாதியில், திட்டம் எழுதும் முன் கடிதத்தைக் கொடுங்கள். வட்டார உறுப்பினருக்கும் ஒரு பிரதி.

அந்தத் திட்டத்துக்கு உறுப்பினர்களின் வாக்கு எவ்வளவு பெறுமதி என்றால், இரண்டு தடவை தோற்றால் தலைவரின் பதவியே போய்விடும். 2020 டிசம்பரில் யாழ். மாநகர முதல்வர் அப்படித்தான் கதிரையை இழந்தார்.

படி 8: எல்லோரும் கைவிரித்தால்

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் மத்தி, மாகாணம், சபை மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டுகிறது. ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். முறைப்பாடு எழுதாதீர்கள், பதிவேட்டைக் கேளுங்கள். 'ஏன் திருத்தவில்லை?' என்றால் ஒரு பக்க விளக்கம் வரும். 'இது யாருடைய பதிவேட்டில் இருக்கிறது? அந்தப் பக்கத்தின் பிரதி தருக' என்றால் கடதாசி வரும். கொடுக்கும் விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

நானும் அப்படியே இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியைக் கொடுத்தேன். வீதிக்காரரிடமிருந்து, அந்த மதகு தங்கள் பதிவில் இல்லை என்று இரண்டு வரி வந்தது. சபையிலிருந்து பதிவேட்டின் ஒரு பக்கம் நிழற்பிரதியாக வந்தது. எங்கள் ஒழுங்கையின் பெயர், நீளம், அகலம், கடைசி நிரலில் யாரோ எப்போதோ நீல மையில் எழுதிய ஒரு குறிப்பு: மதகு 1. அந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு அதே முன்மேசைக்குப் போனேன். அவர் வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இன்னொரு தடவை வாசித்தார். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் அது ஏறியது. தைப்பொங்கல் கழிந்து இரண்டாம் கிழமை கல்லும் மணலும் வந்து ஒழுங்கை வாயில் இறங்கின.